குடம் இல்லை என்று எப்படித் தெரியும்?

தரையில் குடம் இல்லை. இது நமக்கு எப்படித் தெரிகிறது? இந்தியத் தருக்க நூல்களில் நூற்றாண்டுக் கணக்காக நடந்துவரும் வழக்கு இது. கல்லூரியில் நான் தத்துவம் நடத்திய காலத்தில் இந்தப் பாடம் வந்தாலே பின்பெஞ்சில் சலசலப்பு கிளம்பும். “குடம் இல்லேன்னா பாத்தாலே தெரியுதே மேடம், இதுல என்ன இருக்கு?” என்பார்கள். பார்த்தால் தெரிவது தரை. இல்லாத குடம் கண்ணில் வந்து படுவதில்லை. அப்படியிருக்க ‘இல்லை’ என்ற அறிவு எந்த வழியாக வந்தது?

அதுவும் காட்சிக்குள் அடங்கும் என்றார்கள் நையாயிகர்கள். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்தில் சேர்த்தார். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்களும், பிறகு அத்வைதிகளும் அதைத் தனி அளவையாகவே, அதாவது அறிவு வரும் தனி வழியாகவே, வைத்தார்கள். தமிழும் இந்த வழக்கில் பங்கெடுத்திருக்கிறது. வஞ்சி நகரில் மணிமேகலைக்கு அளவைவாதி எடுத்துச் சொல்லும் பத்து அளவைகளில் ‘இல்லாமை’ எனப்படும் அபாவமும் ஒன்று. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அபாவத்தையும் எண்ணிக் காட்டிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். எந்தப் பெட்டியில் போடுவது என்பதில் எத்தனை சண்டை இருந்தாலும், இந்த விவாதத்திலிருந்து உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. குடம் இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும், கண் பழுதில்லாமல் இருக்க வேண்டும், தரை முழுவதும் பார்வைக்குள் வர வேண்டும். இருட்டறையில் குடம் தெரியாததை வைத்து அது இல்லை என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.

இந்த நிபந்தனைக்கு நான் கண்ட மிகத் தெளிவான உதாரணம் 2022 ஜூலையில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையிலிருந்து அமெரிக்கா முழுவதற்கும் நடத்திய ‘வைட்டல்’ ஆய்வின் ஒரு பகுதி அது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்கள், 55 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்கள், மொத்தம் 25,871 பேர். பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி3. மறுபாதிக்குப் பார்வைக்கு அதேபோல் இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, முறிவைக் கணக்கெடுக்கிறவருக்கும் தெரியாது. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் தொடர்ந்தார்கள். கீழே விழுந்து எலும்பு முறிந்ததாக ஒருவர் சொன்னால் அதோடு விடவில்லை. மருத்துவப் பதிவை வரவழைத்துப் பார்த்து, முறிவு உண்மைதானா என்று உறுதி செய்தார்கள்.

மெரில் லெபாஃப் தலைமையிலான குழு எழுதிய முடிவு இது: வைட்டமின் பெற்ற 12,927 பேரில் 769 பேருக்கு முறிவு. வெற்று மாத்திரை பெற்ற 12,944 பேரில் 782 பேருக்கு முறிவு. இடுப்பு முறிவை மட்டும் எடுத்தால் அந்தப் பக்கம் 57, இந்தப் பக்கம் 56.

இந்த எண்களைப் படித்த அன்று எனக்குப் பாடநூலின் அந்தப் பக்கம் உயிர்பெற்றது போல இருந்தது. ஐம்பது பேரிடம் சோதித்து வித்தியாசம் தெரியவில்லை என்றால் அது இருட்டறை. இருபத்தையாயிரம் பேரிடம், ஐந்து ஆண்டு, எழுநூற்றுக்கு மேல் முறிவுகள் இரு பக்கமும் விழும்வரை பொறுத்திருந்து பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றால், விளக்கு எரிந்த அறை. பலன் பெரிதாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும். ஆய்வில் அத்தனை ஆயிரம் பேரைச் சேர்ப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு மீமாம்சகர்களின் நிபந்தனையைத்தான் பதிலாகச் சொல்வேன்.

ஏன் இத்தனை காலம் எல்லோரும் பலன் உண்டு என்று நம்பினார்கள்? நம்புவதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி உருவாகிறது. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அது உருமாறுகிறது. குடல் சுண்ணாம்புச்சத்தை உறிஞ்ச அது வேண்டும். அந்தச் சத்தில்தான் எலும்பு நிற்கிறது. 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி பாதரச விளக்கின் ஒளியைக் காட்டியே ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகளைத் தேற்றினார். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் பொய்யில்லை. குறை இருந்தால் எலும்பு கெடும். அதிலிருந்து, குறை இல்லாதவர் மேலும் சாப்பிட்டால் எலும்பு மேலும் உறுதிப்படும் என்று ஓர் எட்டு எடுத்து வைத்தோம். அந்த ஒரு எட்டைத்தான் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. வைட்டமின் டி குறைவாக உள்ள முதியவர்களுக்கு முறிவு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டின. இங்கே அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம் உதவுகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது சரி. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்றால் தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? புகை வர ஈர விறகும் சேர வேண்டும். இப்படி ஒளிந்து நிற்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருப்பவர் யார் என்று பாருங்கள். நோயில் படுத்தவர், நடக்க முடியாதவர், சரியாகச் சாப்பிடாதவர், வாசல் தாண்டாதவர். அவர் விழுவதற்கும் முறிவதற்கும் அந்த நலிவே போதும். வெயில் படாததும் அந்த நலிவால்தான். வைட்டமின் குறைவும் முறிவும் சேர்ந்தே வருவதால் ஒன்றை மற்றதற்குக் காரணமாக்கினோம். ஈர விறகைப் பார்க்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஆட்களை இரு பங்காகப் பிரித்தால் நலிந்தவரும் திடமானவரும் இரு பக்கமும் சமமாக விழுவார்கள். உபாதியைக் கழிக்க மனிதன் கண்டுபிடித்த வழிகளில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது.

என் நாத்தனாருக்கு 64 வயது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறவள். பூங்காவில் உடன் நடக்கும் பெண்கள் சொல்லி, 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்றாக நெடுநாளாகப் போட்டுவந்தாள். பரிசோதனையும் இல்லை, சீட்டும் இல்லை. எட்டு வாரம் என்று எழுதிக் கொடுப்பதை ஆயுள் முழுதும் என்று எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். வாரம் 60,000 என்றால் நாளுக்கு 8,500க்கு மேல். அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ 2010இல் பெரியவர்களுக்கு வகுத்த உச்ச வரம்பு நாளுக்கு 4,000. கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பிறகு ஆய்வைச் சொன்னேன்.

அவளுக்கு வருத்தம் வந்துவிட்டது. “அண்ணி, எல்லாத்தையும் இல்லை இல்லைன்னு சொல்லிட்டா மனுஷன் எதைப் பிடிச்சுக்கறது? நம்பிக்கையோட சாப்பிட்டா பலிக்கும்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அன்னிக்கு இதே டாக்டருங்கதானே சாப்பிடுன்னாங்க? இன்னிக்கு வேண்டாங்கறாங்க. யாரைத்தான் நம்பறது?” என்றாள்.

அவள் கேட்டது சமயத்தின் கேள்வி. அதற்கு மருத்துவ எண்களால் மட்டும் பதில் சொல்ல முடியாது.

நியாய சூத்திரத்தில் கௌதமர் வேதத்தை ஏன் நம்ப வேண்டும் என்று வாதாடும் இடம் ஒன்று உண்டு. சாட்சிக்கு அவர் அழைப்பது மருத்துவத்தை. மந்திரமும் ஆயுர்வேதமும் நம்பத்தக்கவையாக இருப்பது போலவே வேதமும் நம்பத்தக்கது, ஏனென்றால் சொன்னவர்கள் ஆப்தர்கள் என்கிறார். மருந்து பலிப்பது கண்ணுக்குத் தெரியும். அதைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத விஷயத்திலும் நம்பிக்கை கொள்ளலாம் என்பது வாதம். உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தர் யார் என்பதற்கு மூன்று இலக்கணம் தருகிறார். பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும். உயிர்களிடம் இரக்கம் வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் வேண்டும்.

சமய நம்பிக்கை இத்தனை தூரம் மருத்துவத்தின் தோளில் கை வைத்து நிற்கிறது என்றால், மருத்துவம் தன் பேச்சை மாற்றும்போது பக்தர்களுக்குக் கலக்கம் வருவது இயல்பு. நாத்தனாரின் கலக்கத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அந்த மூன்று இலக்கணத்தையும் வைத்துப் பார்த்தால் எனக்கு எதிர்த்திசையில்தான் தோன்றுகிறது. நேற்று ‘உண்டு’ என்று சொன்னவர், இன்று ஐந்து ஆண்டு பாடுபட்டுப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று ஊரறியச் சொல்கிறார். மூன்றாம் இலக்கணத்துக்கு இதைவிட நல்ல சான்று என்ன வேண்டும்? அதே இதழில் ஸ்டீவன் கம்மிங்ஸும் கிளிஃபோர்ட் ரோசனும் தலையங்கம் எழுதி, பெரிய நோய்களைத் தடுக்கலாம் என்று எண்ணி வைட்டமின் டி சாப்பிடுவதை மக்கள் நிறுத்தலாம், எல்லோருக்கும் ரத்த அளவு பார்ப்பதை மருத்துவர்களும் நிறுத்தலாம் என்றார்கள். எப்போதும் ‘உண்டு’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்த வாயை நான் நம்ப மாட்டேன். அது விற்கிறவர் வாயாகவும் இருக்கலாம். ‘இல்லை’ என்று சொல்லத் துணிந்தவர் ‘உண்டு’ என்று சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்கு எடை.

நம்பிக்கையோடு சாப்பிட்டால் பலிக்கும் என்றாளே, அதற்கும் விடை அந்த எண்களில் இருக்கிறது. இரு பக்கத்தாரும் ஒரே மாதிரி எதிர்பார்ப்போடுதான் விழுங்கினார்கள். நம்பிக்கையோடு வைட்டமினும் சேர்ந்த பக்கத்தில் முறிவு குறைந்துவிடவில்லை. சிரத்தை என்பது மனிதன் எதன் முன்னால் தன்னை நிறுத்திக்கொள்கிறான் என்பது. அது வாழ்க்கைக்கு வேண்டும், எனக்கும் வேண்டும். தொடை எலும்பு முறியுமா முறியாதா என்பது உலகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். அந்த இடத்தில் சிரத்தையை நிறுத்தினால் சிரத்தைக்குத்தான் அவமானம். அதிகம் கொடுத்தால் அதிகம் கிடைக்கும் என்ற எண்ணமும் இப்படித்தான் உடைந்தது. ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தோ வெற்று மாத்திரை கொடுத்தோ பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவின்படி வைட்டமின் பெற்றவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அதிகம் முறிந்தார்கள்.

இனி, ‘இல்லை’ என்பதை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்ற பேச்சு. இதில்தான் நான் மிகவும் கவனமாக இருக்க விரும்புகிறேன். இந்தத் தரையில் குடம் இல்லை என்று அறிந்தவர் வீடு முழுவதும் குடம் இல்லை என்று சொல்லக் கூடாது.

வைட்டல் ஆய்வில் சேர்ந்தவர்களை வைட்டமின் குறைபாடு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ரத்தம் பரிசோதித்தவர்களின் சராசரி அளவு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குச் சற்று மேல். 12க்குக் கீழே இருந்தவர்கள் மிகச் சிலர். வெற்று மாத்திரைக்காரர்களும் விரும்பினால் சொந்தமாக நாளுக்கு 800 யூனிட் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி இருந்தது. இடுப்பு முறிவுகள் இரு பக்கமும் சேர்த்து 113 மட்டுமே என்பதால் அந்த மூலையில் விளக்கொளி மங்கல்தான். மொத்த முறிவுகளைப் பற்றிச் சொல்லும் அளவு உறுதியோடு அங்கே பேச முடியாது. ஆக, நல்ல நடமாட்டத்தோடு, போதுமான சத்தோடு வீட்டில் வாழும் நடுத்தர வயது தாண்டியவர்களுக்கு இந்த மாத்திரை முறிவைத் தடுக்காது. ஆய்வு சொல்வது இவ்வளவு.

இன்னொரு தரையும் உண்டு. பிரான்சில் மரி ஷாப்யுய் குழுவினர் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1992இல் வந்தது. சராசரி வயது 84. வெயில் படாதவர்கள், உணவில் சுண்ணாம்புச்சத்து குறைந்தவர்கள். அவர்களுக்கு நாளுக்கு 800 யூனிட் வைட்டமின் டியோடு 1.2 கிராம் கால்சியமும் சேர்த்துக் கொடுத்தார்கள். பதினெட்டு மாதத்தில் இடுப்பு முறிவு 43 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த ‘உண்டு’ம் உண்மை. இரண்டு ஆய்வும் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றலாம். முரண் எங்கே? இரண்டும் வெவ்வேறு அறைகள்.

என் அம்மா இருப்பது அந்த இரண்டாவது அறைக்குப் பக்கத்தில். 86 வயது. கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆகி, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் குளியலறைக்கும் மட்டும் நடக்கிறாள். ரத்தத்தில் வைட்டமின் டி 9 என்று வந்தது. எலும்புத் தேய்வுக்கு மருத்துவர் ஊசி போடச் சொன்னார். அதற்கு முன் இந்தக் குறையைச் சரிசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து இறங்கிவிடும் என்று விளக்கினார். அதற்கான வைட்டமின் டி பொடி பாக்கெட்டை அம்மாவுக்குக் கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை. நாளைத் தேர்ந்தெடுத்தது அவளே. சூரியன் தருவது சூரியனுடைய நாளில்தான் உள்ளே போக வேண்டுமாம். கிழக்கு ஜன்னலைத் திறக்கச் சொல்லி, ஆதித்ய ஹ்ருதயத்தை முணுமுணுத்து முடித்தபிறகு, அரை டம்ளர் வெதுவெதுப்பான பாலில் நான் பொடியைக் கொட்டிக் கலக்குவேன். அடியில் தங்கிய மணல் போன்ற துகளையும் சொட்டுப் பால் விட்டு அலசிக் குடித்துவிடுவாள். அவளுடைய பிரார்த்தனை எலும்பைக் காக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பொடியும் தனியாகக் காத்துவிடாது. 9 என்ற எண்ணுக்கு அது தேவை, அதனால் கொடுக்கிறேன். ஜன்னலைத் திறப்பதற்குக் காரணம் வேறு. அதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

நாத்தனார் இந்த இடத்தில் மடக்கினாள். “அப்போ எலும்பு முறியாம இருக்க என்னதான் பண்றது?” முறிவுக்கு முந்தியது விழுவது. குளியலறையில் பிடிமானக் கம்பி, இரவில் விளக்கு, கண்புரை இருந்தால் அறுவை, தூக்க மாத்திரை தேவைதானா என்று கேட்டுக்கொள்வது, ஒற்றைக்காலில் நின்று பழகுவது போன்ற சமநிலைப் பயிற்சி, எலும்பு அடர்த்தி குறைந்திருந்தால் அதற்கென உள்ள மருந்து. சொன்னேன். இதெல்லாம் கேட்பதற்கு மாத்திரை போல எளிதாக இல்லை என்றாள். எளிதாக இல்லைதான்.

ஆய்வுக் கதையை அம்மாவிடமும் சொன்னேன். எண்களை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. “அந்த ஊர்ல வெறும் மாத்திரையை அஞ்சு வருஷம் முழுங்கினாங்களே, அவங்களுக்கு என்ன கிடைச்சுது?” என்று கேட்டாள். ஆய்வுக் கட்டுரையைப் பலமுறை படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

எண்ணிப் பார்த்தால் அது கீதையைப் பாடம் நடத்தும் எவரும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி. பலனில் பற்றில்லாத செயல் என்று பேசுகிறோம். செய்கிறவருக்குப் பலன் இன்னதென்று பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது, அதைத் துறக்கச் சொல்கிறோம். இந்த 12,944 பேருக்கோ தாம் கொடுக்கிறோமா பெறுகிறோமா என்பதே தெரியாது. தானத்துக்குப் பொருள் வேண்டும், பெறுகிறவர் வேண்டும், சங்கற்பம் வேண்டும் என்பார்கள். பொருள் என்று ஒன்றும் இல்லை. பெறுகிறவரை அவர்கள் பார்த்ததில்லை. அவர்களில் பலர் எங்கள் தெருவைப் பற்றிக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். சங்கற்பம் மட்டும் இருந்தது. எது வந்தாலும் சம்மதம் என்று கையெழுத்திட்டுவிட்டுத் தினம் ஒன்றாக விழுங்கி, கேட்டபோதெல்லாம் உள்ளது உள்ளபடி பதில் எழுதினார்கள்.

இதைத் தானம் என்று சொல்லலாமா என்று என் பழைய மாணவர் ஒருவரோடு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. தனக்கு மருந்தே கிடைக்கும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்திருக்கும், ஆகவே அது பற்றோடு செய்த செயல் என்கிறார் அவர். ஆசை இருந்திருக்கட்டும். மருந்து கிடைக்காத வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று தெரிந்தும் கையெழுத்திட்டார்கள் அல்லவா, அந்தப் பாதி தானம்தான் என்பது என் கட்சி. அம்மாவிடமும் அதையே பதிலாகச் சொன்னேன்: அவர்களுக்குக் கிடைத்தது எதுவும் இல்லை, கிடைத்தது நமக்கு. நாத்தனார் வாராந்தர மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறாள். முடிவு வந்ததும் மருத்துவரிடம் போக வேண்டும்.